1967 மிட்ஜெட்டை எழுப்பி, அந்தக் காலத்து மாதிரி மலை ஏத்துறது எப்படி?

பாலத்தடி (கல்லடி)

எல்லாருக்கும் வணக்கம். 1967ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெட் ஒண்டு, 1275 சீசீ எஞ்சின், தொண்ணூறாம் ஆண்டில இருந்து தகரக் கொட்டிலுக்குள்ள கல்லு வச்சு நிக்குது. கடல் கூப்பிடு தூரம். புத்தகம் இருக்கு, சேஸி நம்பரும் எஞ்சின் நம்பரும் புத்தகத்தோட ஒத்துப்போகுது. எஞ்சின் இறுகிப்போய் இருக்கு. பிரேக் பெடல் தரை வரைக்கும் போகுது. டாங்கியைத் திறந்தா பழைய வார்னிஷ் மணம்.

அந்த நாளையில இப்படிக் கார் வச்சிருந்தவங்க கிழமை நாள்ல அதிலயே கந்தோருக்குப் போய், ஏப்ரல் சீசன் வந்தா அதே காரை நுவரெலியாவுக்கு ஓட்டிப்போய், மகாகஸ்தொட்ட மலையேற்றத்தில (மலை றோட்டில நேரம் பார்த்து ஏறுற கார்ப் போட்டி) ஓடி, அதே காரிலயே ஊருக்கும் வந்து சேருவாங்களாம். லொறியும் இல்ல, கூட வாற மெக்கானிக்கும் இல்ல. அது எப்படி முடிஞ்சது எண்டுதான் அறிய ஆசை. வேகத்துக்காக இல்ல, அந்த முறைக்காக.

கேட்க வாறது இதுதான்: எஞ்சினை உடைக்காம எழுப்புறது எப்படி? றோட்டுக் காரை மலைக்கு ஆயத்தப்படுத்த உண்மையில என்னென்ன செய்தாங்க? சாமான் இஞ்ச எதில இருந்து எடுக்கலாம்?


எட்டாம்வால்வ் (கல்முனை)

தம்பி, முதல் வேலை: காரை ஒருத்தரும் இழுத்து ஸ்டார்ட் பண்ண விடாதீங்க. "கயிறைக் கட்டி இழு, விட்டுக்கொடுக்கும்" எண்டு சொல்ல ஊருக்கு நாலு பேர் இருப்பாங்க. இறுகின பிஸ்டனை நாலு சில்லும் சேர்ந்து இழுத்தா ரிங் முறியும், இல்லாட்டி கனெக்டிங் ரொட் வளையும். பிறகு சாமானுக்கு அலைய வேண்டியது நீங்க.

நாலு பிளக்கையும் கழட்டுங்க. ஒட்டோ கியர் ஒயிலும் (ஏ.டி.எஃப்.) அசிட்டோனும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளயும் 25 மில்லி அளவு ஊத்துங்க. அசிட்டோன் ஆவியாகிறதால மூணு நாளைக்கு ஒருக்கா திரும்ப ஊத்தணும். பிளக் ஓட்டையைத் துணியால மூடி வைங்க. பக்கத்தில சிகரெட், வெல்டிங் ஒண்டும் வேணாம். ஒரு கிழமை போகட்டும். பிறகு நாலாம் கியரில போட்டு, காரை முன்னுக்கும் பின்னுக்கும் மெல்ல ஆட்டுங்க. ஒரே பக்கம் தள்ளாதீங்க, ஆட்டணும். ஒரு நூல் அசைஞ்சாக் காணும், மிச்சம் தானா வரும்.

ஆட்டத் தொடங்க முன்ன ரொக்கர் மூடியைக் கழட்டி எட்டு வால்வையும் பாருங்க. ஸ்பிரிங் எல்லாம் ஒரே உயரத்தில நிக்காது, திறந்து நிக்கிறது தாழ்வாத்தான் இருக்கும். ஆனா ரொக்கரை ஆட்டிப் பார்த்தா, ஒண்டு தாழ்வா நிண்டுகொண்டே ரொக்கர் தளதளக்குது எண்டா அந்த வால்வ் கைட்டுக்குள்ள ஒட்டிப்போய் இருக்கு. அதுக்கும் அதே கலவைதான். கம்பில மெல்லத் தட்டி விடலாம். ஒட்டின வால்வோட எஞ்சினைச் சுத்தினா புஷ் ரொட் வளையும்.

சுத்த வந்த பிறகு பழைய ஒயிலை இறக்கி, புது பில்டர் போட்டு, 20டபிள்யூ-50 மினரல் ஒயில் ஊத்துங்க. பில்டரோட சேர்த்து மூணே முக்கால் லீற்றருக்குக் கிட்டப் பிடிக்கும், டிப்ஸ்டிக்கைப் பார்த்து நிப்பாட்டுங்க. பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்துச் செக்கனா சுத்துங்க. மீட்டரில ஒயில் பிரஷர் ஏறுற வரைக்கும் பிளக் போடக்கூடாது. ஓடத் தொடங்கி எஞ்சின் சூடான பிறகு, ஓட்டத்தில 40க்கும் 70 பி.எஸ்.ஐ.க்கும் இடையில நிண்டா பயமில்ல.

பெற்றோலை டாங்கியில இருந்து எடுக்கவே வேணாம். ஒரு லீற்றர் போத்தலைக் காபரேட்டரை விட உயரத்தில கட்டி, குழாய் போட்டு ஓட்டிப் பாருங்க. டாங்கி தனிக் கதை.

இனி ட்யூனிங். எஸ்.யூ. எச்.எஸ்.2 காபரேட்டர் ரெண்டு இருக்கு. மேல இருக்கிற குமிழ் மூடியை, அதாவது டாஷ்பொட்டைக் கழட்டும்போது எது முன்னுக்கு, எது பின்னுக்கு எண்டு குறிச்சு வைங்க; அதுக்குள்ள ஏறி இறங்குற காபரேட்டர் பிஸ்டனும் டாஷ்பொட்டும் சோடி, மாத்திப் போட்டாப் பிடிக்கும். தின்னரில கழுவித் துடைச்சு, பிஸ்டனை விரலால தூக்கி விடுங்க. "டிக்" எண்டு மெல்லிய சத்தத்தோட விழணும். சத்தமில்லாம மெத்தெண்டு இறங்கினா ஜெட் நடுவில இல்ல, இல்லாட்டி ஊசி வளைஞ்சிருக்கு. ஜெட் நட்டை மேல வரைக்கும் ஏத்தி, ஜெட் பாலத்தோட மட்டமானதும், அங்க இருந்து ரெண்டு முழுச் சுத்து, அதாவது பன்னிரண்டு பக்கம், இறக்குங்க. அதுதான் தொடக்கம். எஞ்சின் சூடானதும் பிஸ்டனை ஒரு மயிரிழை, 0.8 மி.மீ. அளவு தூக்கிப் பாருங்க. வேகம் ஏறி அப்படியே நிண்டா பெற்றோல் கூட. எஞ்சின் தள்ளாடி நிண்டா குறைவு. கொஞ்சம் ஏறித் திரும்பச் சமமானா சரி. டாஷ்பொட்டுக்கு மெல்லிய எஞ்சின் ஒயில், எஸ்.ஏ.ஈ. 20. கியர் ஒயில் ஊத்தினா அக்சிலேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் மூச்சடைச்ச மாதிரி நிக்கும்.

அளவுகள்: வால்வ் இடைவெளி குளிரில 12 தவ் (தவ் எண்டா அங்குலத்தில ஆயிரத்தில ஒண்டு). பொயின்ற் 15 தவ். பிளக் 25 தவ். ஃபயரிங் வரிசை 1-3-4-2. டைமிங் எஞ்சின் ஓடாம நிக்கிற நிலையில 7 பாகை. வால்வ் செட் பண்ண ஒன்பது கணக்கு வைங்க: எட்டாம் வால்வ் முழுசாத் திறந்து நிக்கும்போது ஒண்டாம் வால்வ், ஏழு திறந்தா ரெண்டு, ஆறு திறந்தா மூணு. கூட்டினா எப்பவும் ஒன்பது.


உப்புக்காத்து (வாழைச்சேனை)

மேல எட்டாம்வால்வ் காக்கா சொன்னது எல்லாம் சரி. ஆனா அது ரெண்டாவது வேலை. முதல்ல இந்தக் காருக்கு உடம்பு இருக்கா எண்டு பாருங்க.

மிட்ஜெட்டுக்குத் தனிச் சேஸி சட்டம் கிடையாது. கதவுக்குக் கீழ ஓடுற சில் பெட்டியும் தரைத் தகடும்தான் முன்னையும் பின்னையும் பிடிச்சு வச்சிருக்கு. மேல கூரையும் இல்ல. சில் போனா கார் நடுவால தொங்கும். சோதனை லேசு: ரெண்டு கதவையும் சாத்தி, கதவின் பின்பக்க இடைவெளி மேலயும் கீழயும் எவ்வளவு எண்டு பாருங்க. பிறகு முன் குறுக்குச் சட்டத்தடியில ஜாக்கி வச்சு ஒரு பக்கம் தூக்குங்க. இடைவெளி சுருங்குது, கதவு திறக்க மறுக்குது எண்டா உள்ளுக்குள்ள ஒண்டும் இல்ல, வெளியில பெயின்ட் மட்டும்தான் நிக்குது.

கல்லடி எண்டதால கேக்கிறன்: 2004 சுனாமித் தண்ணி கொட்டிலுக்குள்ள வந்ததா? வந்திருந்தா சில் பெட்டிக்குள்ளயும், பின் ஸ்பிரிங் மாட்டுற பெட்டிக்குள்ளயும் கடல் மண் இறுகி இருக்கும். மண் ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும், வருஷக்கணக்கில உள்ளுக்கிருந்து தின்னும். தண்ணி வடியிற ஓட்டைகளைக் கம்பியால குத்தித் திறந்து, நல்ல தண்ணியைக் குழாயால விட்டு, வாற தண்ணி தெளியிற வரைக்கும் கழுவணும். வாயில வச்சுப் பார்த்தா உப்புத் தெரியும், வெக்கப்பட ஒண்டுமில்ல.

சில் வெட்ட முன்ன, கதவு வாசலுக்குக் குறுக்கால ஒரு அங்குல இரும்புச் சட்டம் வெல்ட் பண்ணுங்க, முன் தூணில இருந்து பின் தூணுக்கு. கார் நாலு ஸ்டாண்டில மட்டமா, நாலு சில்லிலயும் பாரம் இல்லாம நிக்கணும். ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரம் வெட்டாதீங்க. இதை விட்டதால வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு, பிறகு கதவே பூட்டாத கார் எத்தனையோ. ஒட்டுப் போட 18 கேஜ் தகடு காணும். முடிஞ்சதும் உள்ளுக்குள்ள மெழுகு ஸ்பிரே அடிங்க. பழைய எஞ்சின் ஒயிலை டீசலோட கலந்து அடிக்கிற வழக்கம் இருக்கு. தகட்டுக்குக் கெட்டதில்ல, ஆனா றப்பர் புஷ் எல்லாத்தையும் ஊதவைக்கும், பிரேக் டிரம்முக்குள்ள போனா உசிருக்கு ஆபத்து.

பிரேக். இந்த வருஷக் காருக்கு ஒரே சேர்க்கிட். ஒரு பைப் உடைஞ்சா நாலு சில்லும் போகும். அதால பைப்பைப் பார்த்து நல்லா இருக்கு எண்டு சொல்லிக்கொண்டு இருக்காதீங்க, எல்லாத்தையும் மாத்துங்க. கடற்கரைக்கு இரும்புப் பைப்பை விடச் செம்பு நிக்கல் பைப் நல்லம், துருப்பிடிக்காது. றப்பர் ஹோஸ் மூணையும் மாத்துங்க. பழைய ஹோஸ் வெளியில நல்லா இருக்கும், உள்ளுக்குள்ள வீங்கி ஓட்டை அடைபட்டிருக்கும். மிதிச்ச அமுக்கம் உள்ளுக்குப் போகும், திரும்பி வராது. பிரேக் விடாம பிடிச்சுக்கொண்டே இருக்கும். கனபேர் அதைக் கலிப்பர் பிழை எண்டு நினைச்சு வீணாக் காசு செலவழிக்கிற.

டொட் 4 பிரேக் ஒயில். வேற எந்த எண்ணெயும் ஒரு துளி கலந்தா சீல் எல்லாம் வீங்கிப் பழுதாகும்.


பாலத்தடி (கல்லடி)

காக்கா, அண்ணன், ரெண்டு பேருக்கும் நன்றி. தண்ணி வந்திருக்கு, சில் உயரம் வரைக்கும். வடியிற ஓட்டையில குத்தினா மண் கொட்டுது. வலப்பக்கக் கதவு ஜாக்கியில தூக்கினா இறுகுது, இடப்பக்கம் பரவாயில்ல.

இன்னொரு விஷயம். பற்றரி வயர் ரெண்டில, பொடிக்கு (கார் உடம்புக்கு) போறதில + அடையாளம் குத்தியிருக்கு. யாரும் பிழையாக் கொழுவினதா? அதோட நட்டுகளுக்கு எந்த ஸ்பானர்? 13 போட்டா ஆடுது, 12 போகுதில்ல.


எட்டாம்வால்வ் (கல்முனை)

பிழை இல்ல. 1967 கடைசி வரைக்கும் வந்த பி.எம்.சி. (எம்.ஜி., மொரிஸ், ஒஸ்ரின் எல்லாம் செய்த கம்பனி) கார்களுக்குப் பொசிற்றிவ் ஏர்த் தான் வழமை. டைனமோவும் அப்படித்தான். இப்ப உள்ள பழக்கத்தில நெகட்டிவைப் பொடியில கொழுவினா லைட் எரியும், ஸ்டார்ட்டரும் சுத்தும், ஆனா டைனமோ சார்ஜ் பண்ணாது. பொசிற்றிவ் ஏர்த்துக்குச் செய்த ரேடியோவோ இலக்ரோனிக் மொடியூலோ இருந்தா அந்த நிமிஷமே கருகும். முப்பது வருஷம் சும்மா நிண்ட டைனமோ காந்தத்தை மறந்திருக்கும். எஃப் முனை வயரைக் கழட்டி விட்டு, பற்றரியின் பொடிக்குப் போகாத முனையில இருந்து ஒரு வயரால டைனமோ எஃப் முனையை ரெண்டு மூணு தரம் தொட்டு எடுங்க. சின்னப் பொறி பறக்கும், அவ்வளவுதான்.

ஸ்பானர் அங்குல அளவு. 13 மி.மீ. அரை அங்குல நட்டில போகும், ஆடும், முனையை மழுக்கும். அரை அங்குலம் 12.7, அதுதான் உங்கட சிக்கல். 7/16, 1/2, 9/16 மூணும் அங்குலத்திலயே வாங்குங்க, காருக்கு முக்கால்வாசி வேலை அதில முடியும். 19 மி.மீ. ஸ்பானர் முக்கால் அங்குலத்துக்குச் சரியாப் போகும், 16 மி.மீ. 5/8க்கு ஓரளவு போகும். காபரேட்டரில உள்ள சில சின்னத் திருகு இது ரெண்டுமில்ல, அதுக்கு வேற அளவு. பிளையரால கடிக்காதீங்க.

சாமானுக்கு மொரிஸ் மைனரைத் தேடுங்க. மைனர் 1000, ஒஸ்ரின் ஏ40 ஃபரினா, மினி, மிட்ஜெட் எல்லாம் ஏ-சீரிஸ் எஞ்சின் குடும்பம். 1958இல வந்த, மிட்ஜெட்டுக்கு மூத்த தவளைக்கண் ஸ்பிரைட்டே மைனரின் ஸ்டியரிங் ரெக்கையும் ஏ35இன் முன் சஸ்பென்ஷனையும் 948 சீசீ எஞ்சினையும் சேர்த்துக் கட்டின கார்தான். வேகமான கார் எண்டா தனிப்பிறவி இல்ல, தபால்காரன் ஓட்டின காரின் தம்பி. எழுபத்தேழுக்கு முன்ன இறக்குமதி இறுகின காலத்திலயும் இதுகள் ஓடினதுக்குக் காரணம் அதுதான்.

மைனரில இருந்து எடுக்கலாம்: டிஸ்ரிபியூட்டர் மூடி, ரோட்டர், பொயின்ற், டைனமோ, தேர்மோஸ்டாட்டும் அதன் மூடியும், ஏழு அங்குல ஹெட்லைட், எச்.எஸ்.2 காபரேட்டரின் ஃப்ளோட்டும் நீடில் வால்வும். காபரேட்டர் ஊசி மட்டும் அதில வெட்டியிருக்கிற எழுத்தைப் பார்த்துத்தான். எடுக்க ஏலாது: பிஸ்டன், கிராங்க். 1275க்கு அது வேற. முன் சஸ்பென்ஷனும் வேற, மைனரின் கிங்பின் (முன் சில்லு திரும்புற ஆணி) இதுக்குப் போகாது. கொழும்பில பழைய வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போறதெண்டா பழைய சாமானைக் கையில கொண்டு போங்க. பேர் சொல்லிக் கேட்டா எல்லாமே "இருக்கு" எண்டுதான் சொல்லுவாங்க.


மைல்கட்டை (அம்பாறை)

ரெண்டாம் கேள்விக்கு, மலைக்கு ஆயத்தப்படுத்துறதுக்கு, ஒருத்தரும் வரல்ல, அதால நான் எழுதுறன்.

மகாகஸ்தொட்ட 1934இல இருந்து ஓடுற மலையேற்றம், தேயிலைத் தோட்டத்து றோட்டு. அந்தக் காலத்து ஓட்டக்காரருக்கு அது தவிர ரதல்ல மலையேற்றமும் கட்டுக்குருந்த விமானத் தளத்து ஓட்டமும் இருந்தது. பெரும்பாலும் சொந்தக்காரனே ஓட்டுநர், சொந்தக்காரனே மெக்கானிக். அதால ஆயத்தம் எண்டது குதிரைவலு ஏத்துறது இல்ல. போய்ச் சேரணும், ஓடணும், திரும்பி வரணும். இந்த மூணில நடு வேலைக்குத்தான் நேரம் ஆகக் குறைவு.

மட்டக்களப்புக்காரருக்கு ஒரு வசதி, செங்கலடிச் சந்தியில ஏறினா ஏ5 றோட்டே நுவரெலியா வரைக்கும் கொண்டு போகும்: மகா ஓயா, பிபிலை, பதுளை, வெலிமடை. சுமார் இருநூறு கிலோமீற்றர். டாங்கி ஆறு கலன், 27 லீற்றர், அதால ஒரு தரம் நிரப்பினாப் போய்ச் சேரலாம், ஆனா பதுளையில நிரப்பிக்கொண்டு ஏறுங்க. கடல் மட்டத்தில தொடங்கி 1,868 மீற்றருக்கு ஏறுறீங்க. காருக்கு அது ரெண்டு வேற நாடு.

கீழ, பிபிலை வரைக்கும் எதிரி சூடு. கச்சான் காத்து அடிக்கிற மாதங்கள்ல பத்து மணிக்குப் பிறகு புறப்படாதீங்க. ஏ-சீரிஸ்ல காபரேட்டரும் எக்சோஸ்டும் ஒரே பக்கம், ஒண்டுக்கு மேல ஒண்டு. ஓடும்போது காத்து குளிராக்கும். தேத்தண்ணிக்கு நிப்பாட்டின பத்து நிமிஷத்தில ஃப்ளோட் கிண்ணத்துப் பெற்றோல் கொதிக்கும், பிறகு ஸ்டார்ட் ஆகாது. ரெண்டுக்கும் இடையில உள்ள தகட்டுக் கேடயத்தைப் பாரம் எண்டு கழட்டாதீங்க. பழைய கேடயத்தில ஒட்டியிருக்கிறது அஸ்பெஸ்டஸ், சுரண்டித் தூசி கிளப்பாதீங்க. நிப்பாட்டினா பொனட்டைத் திறந்து விடுங்க. தேர்மோஸ்டாட் 82க்குப் பதிலா 74 பாகை, சூடான நாடுகளுக்கெண்டே அது இருந்தது. முழுசாக் கழட்டி எறிஞ்சா இன்னும் குளிரும் எண்டு நினைக்கிறது தப்பு. அந்த இடத்தில வெறும் ஓட்டை இருந்தா தண்ணி ஹெட்டைச் சரியாச் சுத்தாம ஓடிரும், பின் சிலிண்டர் சூடாகும். கழட்டினவங்க அதுக்குப் பதிலா ஒரு உருளை வளையம் போட்டுத்தான் ஓடினாங்க.

வாட்டர் பம்ப்புக்கும் ஹெட்டுக்கும் இடையில ரெண்டு அங்குலமும் இல்லாத ஒரு குட்டி ஹோஸ் இருக்கு, பைபாஸ். விரலை விட்டு அழுத்தினாத்தான் தெரியும். மேல நல்லா இருக்கும், கீழ்ப்பக்கம் வெடிச்சிருக்கும். நேரான ஹோஸ் எண்டா பம்ப்பைக் கழட்டாமப் போடவே ஏலாது. மடிப்பு மடிப்பா வாற ஹோஸ் வாங்கினா சுருக்கி உள்ள தள்ளிப் போடலாம். மகா ஓயாவுக்கும் பிபிலைக்கும் இடையில காட்டுக்குள்ள நிண்ட பழைய கார்களுக்குக் காரணம் கேட்டா, பத்தில பாதி இந்தக் குட்டி ஹோஸாத்தான் இருக்கும். இப்பவே மாத்தி, ஒண்டு கையில வைங்க.

ரேடியேட்டருக்குக் கல்லடிக் கிணத்துத் தண்ணி வேணாம், உப்பு. மழைத்தண்ணி அல்லது வடிகட்டின தண்ணியோட கால்வாசி கூலன்ட். மூடியின் ஸ்பிரிங்கையும் றப்பரையும் பாருங்க. நுவரெலியா உயரத்தில அமுக்கம் பிடிக்காத மூடியோட தண்ணி 94 பாகையிலேயே கொதிக்கும்.

மேல ஏறினதும் காத்து மெலியும். ஆயிரம் அடிக்கு நூத்துக்கு மூணு எண்டு வலு குறையிற கணக்கு. 65 குதிரைவலு அங்க 53 அளவில நிக்கும். எஸ்.யூ. காபரேட்டர் கொஞ்சம் தானா ஈடு செய்யும், முழுசாச் செய்யாது, பெற்றோல் கூடிப்போகும். ரெண்டு காபரேட்டரிலயும் ஜெட் நட்டை ஒரு பக்கம், தேவைப்பட்டா ரெண்டு பக்கம் ஏத்துங்க. எத்தனை பக்கம் எண்டு சுண்ணக்கட்டியால பொனட் உள்பக்கத்தில எழுதி வைங்க, ஏனெண்டா இறங்கி வரும்போது அதைத் திருப்பி இறக்கணும். மறந்து அதே செட்டிங்ல செங்கலடி நேர் றோட்டில மிதிச்சா எக்சோஸ்ட் வால்வ் கருகும். பிளக் நிறம்தான் தீர்ப்பு: முழு மிதியில போய், கிளச்சை மிதிச்சுக்கொண்டே சுவிச்சை நிப்பாட்டி, உருண்டு நிண்டு, கழட்டிப் பாருங்க. பிஸ்கட் நிறம் நல்லம். கரி படிஞ்சா பெற்றோல் கூட, வெள்ளையா இருந்தா குறைவு. இதை ஒதுக்குப்புறமான, வாகனம் இல்லாத இடத்தில மட்டும் செய்ங்க. சாவியைப் பூட்டு நிலைக்குத் திருப்பக்கூடாது.

போட்டி நாள்ல செய்தது குறைவு. பம்பர், உதிரிச் சில்லு, கூரைக் கம்பி, சீட்டுக்குப் பின்னால கிடக்கிற எல்லாம் இறக்கி அறையில வைப்பாங்க. பிளக் ஒரு படி குளிர், என்.ஜி.கே. எண்டா 6க்குப் பதிலா 7. டயரில நாலஞ்சு இறாத்தல் கூட: றோட்டுக்கு முன்னுக்கு 22, பின்னுக்கு 24 எண்டா அங்க 26, 28. சரியா எண்டு பார்க்கிறது வெள்ளைச் சப்பாத்து மையால: டயரின் ஓரத்தில இருந்து பக்கச் சுவர் வரைக்கும் ஒரு கோடு. ஓடி வந்த பிறகு கோடு பக்கச்சுவர் வரைக்கும் தேஞ்சிருந்தா காத்துக் குறைவு, மிதி ஓரத்திலேயே தேயாம நிண்டா காத்துக் கூட. திரொட்டிலுக்கு ரெண்டாவது இழு ஸ்பிரிங் கட்டாயம், பரிசோதகர் முதல்ல விரல் வைக்கிற இடம் அது. பற்றரி அசையாத கிளாம்ப். எஞ்சின் மூச்சுக் குழாய்க்கு ஒரு டப்பா, ஒயில் றோட்டில ஊத்தக்கூடாது.

புறப்படும்போது 3,000, 3,500க்கு வச்சு கிளச்சை வழுக விடணும். சட்டெண்டு விட்டா இந்தக் கார்ல முதல்ல முறியிறது ஹாஃப் ஷாஃப்ட் (பின் சில்லைச் சுத்துற தண்டு). எஞ்சின் இல்ல.


கராஜ்மூலை (ஏறாவூர்)

இவ்வளவு பாடு எதுக்கு? இலக்ரோனிக் இக்னிஷன் ஒண்டு, மின்விசிறி ஒண்டு, ஒரு பெரிய வெபர் காபரேட்டர். மூணும் போட்டா பொயின்ற் செட் பண்ணவும் வேணாம், ஜெட் திருகவும் வேணாம். 95 பெற்றோல் ஊத்தி ஓட்டுங்க. ஈயம் இல்லாத பெற்றோல் வால்வ் சீற்றைத் தின்னும் எண்டு சொல்றது பழைய பயம்.


எட்டாம்வால்வ் (கல்முனை)

இக்னிஷன் மொடியூல் நல்ல சாமான்தான், மறுக்கல்ல. ஆனா பொசிற்றிவ் ஏர்த்துக்கெண்டு செய்ததா வாங்கணும். நடுக் காட்டில செத்தா அடிச்சு எழுப்ப ஏலாது, அதால பழைய பொயின்ற் தட்டையும் கொண்டன்சரையும் டாஷ்போர்டுக்குள்ள வச்சுக்கொண்டு போங்க. டைனமோ 22 அம்பியர்தான் தரும், அவ்வளவுதான். இரவில ஹெட்லைட், வைப்பர், மின்விசிறி மூணும் சேர்ந்தா பற்றரி இறங்கும். வெபர் மலைக்கு நல்லம், ஆனா உயரம் மாறினா எஸ்.யூ. மாதிரித் தன்னால ஈடு செய்யாது, ஜெட்டையே கழட்டி மாத்தணும். இந்தத் தம்பி கேட்டது கடலோரத்தில இருந்து மலைக்குப் போற காரை.

சீற் விஷயம் பாதி உண்மை. மெல்ல ஓட்டினா ஒண்டும் ஆகாது. மலையேற்றத்தில உயர் ஆர்.பி.எம்.மில இழுத்தா எக்சோஸ்ட் வால்வ் இரும்பு ஹெட்டுக்குள்ள புதையத் தொடங்கும். அடையாளம்: 12 தவ் இடைவெளி ஒவ்வொரு தரமும் குறைஞ்சுகொண்டே வரும். அதுக்காக இப்ப ஹெட்டைக் கழட்ட வேணாம். என்னத்துக்காவது கழட்டினா அப்ப லேத்தில குடுத்து எக்சோஸ்ட் நாலுக்கும் கடின சீற் வளையம் அடிங்க. 92இல ஓட்டினா ஏத்தத்தில சில்லறைக் காசு குலுக்கிற சத்தம் வரும். 95 ஊத்துங்க, அப்பவும் வந்தா டைமிங்கை ரெண்டு பாகை பிந்த வைங்க.

மலைக்கு உண்மையில உதவுற ஒரு மாற்றம் சொல்றன், காசும் குறைவு. உங்கட பின் அச்சில 4.22 டிஃப் (அச்சின் நடுவில உள்ள கியர்). 948 சீசீ மைனரில வாறது 4.55. உள்ளுக்குள்ள இருக்கிற கேரியர் அப்படியே மாத்திப் போடலாம். ஏத்தத்தில இழுவை கூடும், ஸ்பீடோ மீட்டர் மட்டும் நூத்துக்கு எட்டு கூடக் காட்டும். நேர் றோட்டில சத்தம் கூட, எஞ்சின் கூடச் சுத்தும். அதைச் சகிச்சுக்கொண்டு அச்சோட வாழ்ந்தவங்களும் உண்டு, போட்டிக்கு முந்தின கிழமை மாத்தி, வந்த பிறகு திருப்பிப் போட்டவங்களும் உண்டு.


உப்புக்காத்து (வாழைச்சேனை)

டிஃப் எடுக்க ஹாஃப் ஷாஃப்ட்டை ரெண்டு பக்கமும் வெளியில இழுக்கணும், அப்ப ஹப் சீலைப் பாருங்க. மிட்ஜெட்டுக்கு அது பழைய வருத்தம், டிஃப் ஒயில் கசிஞ்சு பின் பிரேக் லைனிங் ஊறும். அச்சின் மேல ஒரு மூச்சு ஓட்டை இருக்கு, மண்ணால அடைபட்டா அமுக்கம் ஏறி எந்தப் புதுச் சீலையும் தள்ளும். அதைத் துப்பரவாக்காம சீல் மாத்தி வேலையில்ல.

முன்னுக்குக் கிங்பின். சில்லைத் தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆடுதா? ஒராளைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, திரும்ப ஆட்டுங்க. ஆட்டம் நிண்டா பெயாரிங். நிக்கல்ல எண்டா கிங்பின். கிறீஸ் அடிக்கிறது சில்லு தூக்கின நிலையில, பாரம் இருந்தா கீழ்ப் பின்னுக்குக் கிறீஸ் போகாது. ஆயிரம் மைலுக்கு ஒருக்கா. பழைய ஆக்கள் ஞாயிறு காலமை கிறீஸ் கன்னோட காருக்கடியில படுத்தது பக்தியில இல்ல, விட்டா இறுகும்.


பாலத்தடி (கல்லடி)

காக்கா, கலவை ஊத்தி ஒன்பதாம் நாள். நாலாம் கியரில ஆட்டினோம், முதல்ல ஒரு விரல் அளவு அசைஞ்சது, இப்ப முழுச் சுத்து வருது. வால்வ் ஒண்டும் ஒட்டல்ல. சில் ரெண்டுக்கும் தகடு சொல்லியாச்சு, கதவு வாசலுக்குச் சட்டம் அடிச்ச பிறகுதான் வெட்டுவோம்.

ஒரு இடத்தில நிக்குது. இடப் பக்கப் பின் ஹப் நட்டு கழருதே இல்ல. நாலடிக் குழாய் போட்டும் அசையல்ல. வலப் பக்கம் சும்மா வந்தது.


எட்டாம்வால்வ் (கல்முனை)

குழாயைக் கழட்டுங்க தம்பி! இடப் பக்கம் இடது மரை. நீங்க இறுக்கிக்கொண்டு இருக்கிறீங்க. வலஞ்சுழியாத் திருப்புங்க, முதல்ல பூட்டு வாசரின் மடிப்பை உளியால நிமித்திட்டு.


பாலத்தடி (கல்லடி)

வந்துட்டு.